ஃப்ரீசர்ல இருக்குற மான் கறி எத்தனை மாசம் தாங்கும்?

விஸ்கான்சின், மின்னசோட்டா, மிச்சிகன் பக்கம் வேலைக்கு வந்து செட்டில் ஆன நம்மாளுங்க நிறைய பேருக்கு இது நடந்திருக்கும். நவம்பர் கடைசியில தேங்க்ஸ்கிவிங்கை ஒட்டி மான் வேட்டை சீசன் முடிஞ்சதும் ஆபீஸ்ல யாராவது ஒருத்தர் வந்து மான் கறி சாப்பிடுவீங்களான்னு கேப்பாரு, நாமளும் சரின்னுவோம், அப்புறம் ஒரு நாள் வெள்ளை பேப்பர்ல சுத்தி மார்க்கர்ல ஏதோ கிறுக்கின அஞ்சாறு பொட்டலம் கைக்கு வரும். அதுல ஒண்ணு ரெண்டை ஆசையா சமைச்சிட்டு மிச்சத்தை ஃப்ரீசர் அடியில தள்ளிடுவோம், அடுத்த சீசன் வர்றப்பதான் அது அங்க கெடக்குறதே ஞாபகம் வரும். சாப்பிடலாமா, தூக்கிப் போடணுமா?

கடைல வாங்கின கறின்னா லேபிள்ல தேதி போட்டிருப்பான். வேட்டையாடின மானோட கறியை இங்க விக்கக்கூடாது, சும்மா குடுக்கத்தான் முடியும், கடைல விக்கிற மான் கறி எல்லாம் பண்ணையில வளர்த்தது. அதனால நம்ம பொட்டலத்துல லேபிளும் கெடையாது எக்ஸ்பைரியும் கெடையாது. ஊர்லயோ 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்ததுக்கப்புறம் மான் கறின்னாலே கேஸு, ஸோ அம்மாவுக்கு போன் போட்டு கேக்குற விஷயமும் இல்ல இது.

முதல்ல சுருக்கமா பதில். ஃப்ரீசர் நெசமாவே 0 ஃபாரன்ஹீட்ல, அதாவது மைனஸ் 18 செல்சியஸ்ல விடாம இருந்துச்சுன்னா, அந்தக் கறி நாள் ஆயிடுச்சுங்கற ஒரே காரணத்துக்காக உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது, ஒரு வருஷம் ஆனாலும் சரி மூணு வருஷம் ஆனாலும் சரி. அமெரிக்க விவசாயத்துறை, அதான் யு.எஸ்.டி.ஏ, சொல்றதும் இதேதான். ஆனா ருசி இருக்குமான்னா அது வேற கேள்வி, அதுக்குதான் மாசக் கணக்கு எல்லாம். இந்த ரெண்டையும் போட்டு குழப்பிக்கிறதாலதான் நல்ல கறியை குப்பையில போடுறவங்களும் இருக்காங்க, போடக்கூடாத நம்பிக்கையை ஃப்ரீசர் மேல போடுறவங்களும் இருக்காங்க. ரெண்டாவது கோஷ்டிதான் ஆபத்து, அதுக்கு கீழ வர்றேன்.

கறி கெட்டுப்போறதுன்னா என்ன? பாக்டீரியா பெருகுறது. அதுக்கு ஈரமும் வேணும் ஓரளவு சூடும் வேணும். மைனஸ் 18ல கறில இருக்குற தண்ணில முக்காவாசிக்கு மேல ஐஸா உறைஞ்சிடும், கிருமிக்கு குடிக்க தண்ணி இல்ல, அதோட வேலை நடக்குறதும் நின்னு போயிடும். நின்னுதான் போகும், சாகாது. இது முக்கியம். ஃப்ரீசருக்குள்ள போறப்போ அதுல எத்தனை கிருமி இருந்துச்சோ கிட்டத்தட்ட அத்தனையும் அப்படியே தூங்கிட்டு இருக்கும், வெளிய எடுத்து இளக ஆரம்பிச்சதும் விட்ட இடத்துலேந்து வேலையை ஆரம்பிக்கும்.

எவ்ளோ நாள் தாங்கும்ங்கறதுக்கு எனக்கு பிடிச்ச உதாரணம் அலாஸ்கால நடந்தது. 1979ல ஃபேர்பேங்க்ஸ் பக்கம் தங்கம் தோண்டிட்டு இருந்தவங்க உறைஞ்ச மண்ணுக்குள்ளேந்து ஒரு பழங்காலத்து காட்டெருமையை கண்டுபிடிச்சாங்க, அதுக்கு ப்ளூ பேப்னு பேரு வச்சாங்க, குறைஞ்சது 36,000 வருஷம் பழசு. அதை ஆராய்ச்சி பண்ண டேல் கத்ரிங்கற விஞ்ஞானி 1984ல அதோட கழுத்துலேந்து ஒரு சின்னத் துண்டை எடுத்து, வெங்காயம் காய்கறி எல்லாம் போட்டு ஸ்ட்யூ வச்சு நண்பர்களோட சாப்பிட்டாரு. யாருக்கும் ஒண்ணும் ஆகல. ருசி? கறி முரடா இருந்துச்சு, மண் வாடை அடிச்சுச்சுன்னாங்க. வீட்ல யாரும் இதை ட்ரை பண்ண வேணாம், ஆனா சாப்பிட முடியுறது வேற சாப்பிட நல்லா இருக்குறது வேறங்கறதுக்கு இதைவிட பெரிய சாட்சி வேணுமா.

சரி மாசக் கணக்குக்கு வருவோம். சமைக்காத காட்டு விலங்கு கறிக்கு யு.எஸ்.டி.ஏ சார்ட்ல 8லேந்து 12 மாசம்னு போட்டிருக்கும். அது முழுத்துண்டுக்கு, அதாவது தொடை, முதுகுக்கறி, ஸ்டேக் மாதிரி வெட்டினது. அதே கறியை மெஷின்ல அரைச்சு கொத்துக்கறியா வச்சா 3லேந்து 4 மாசம்தான். ஈரலும் அதே கணக்குதான். சாசேஜ் ஆக்கிட்டா இன்னும் மோசம், ஒண்ணு ரெண்டு மாசம். நம்மாளுங்க பண்ற மாதிரி மொத்தமா குழம்பு வச்சு டப்பா டப்பாவா ஃப்ரீஸ் பண்ணா 2லேந்து 3 மாசம், அதுக்கு மேல மசாலா வாசனையே மங்கிப் போயிடும். திரும்ப சொல்றேன், இதெல்லாம் ருசிக்கான கணக்கு.

ஏன் இவ்ளோ வித்தியாசம்? ஒரே காரணம்தான், கொழுப்பும் காத்தும். குளிர் கிருமியை நிறுத்தும், ஆனா கொழுப்பு காத்துல இருக்குற ஆக்சிஜனோட சேர்ந்து சிக்கு வாடை எடுக்குறதை நிறுத்தாது, மெதுவாக்கும் அவ்ளோதான். அரைச்ச கறியில காத்து படுற இடம் பல மடங்கு அதிகம், அதுவும் மான் கறில கொழுப்பே இல்லன்னு கடைக்காரர் அரைக்கிறப்போ பன்னிக் கொழுப்பு கலந்து குடுத்திருப்பாரு, அது இன்னும் சீக்கிரம் சிக்கு பிடிக்கும். சாசேஜ்ல உப்பு வேற சேருது, உப்பு இந்த வேலையை வேகப்படுத்தும், கறியை காப்பாத்துற உப்பு ஃப்ரீசருக்குள்ள போனா கொழுப்புக்கு எதிரி ஆயிடுது, கொஞ்சம் வேடிக்கையாதான் இருக்கும் கேக்க. அதனால பொட்டலம் அஞ்சாறு இருந்தா முதல்ல சாசேஜை காலி பண்ணுங்க, அடுத்து கொத்துக்கறி, தொடைத்துண்டு கோடை வரைக்கும் நிம்மதியா இருக்கட்டும்.

மானோட சொந்தக் கொழுப்பு ஆட்டுக்கொழுப்பு மாதிரி நம்ம ஆளுங்க விரும்புற ரகம் இல்ல. மெழுகு மாதிரி வாய் மேலண்ணத்துல ஒட்டும், ஃப்ரீசர்ல நாள் ஆக ஆக அதுலேந்துதான் வாடை கிளம்பும். மான் கறின்னா ஒரு மாதிரி நாறும்னு சொல்றவங்க பாதி பேர் சாப்பிட்டது கொழுப்பும் வெள்ளை ஜவ்வும் எடுக்காம உறைய வச்ச கறிதான்னு நான் நினைக்கிறேன். உறைய வைக்கிறதுக்கு முன்னாடியே வெளிக்கொழுப்பை முழுசா சீவி எடுத்துட்டா கறி நாள்பட நிக்கும். காட்டு வாத்து, கரடி, காட்டுப்பன்னி எல்லாம் கொழுப்பு ஜாஸ்தியான சாதி, அதுங்களை வருஷக்கணக்குல வைக்காதீங்க, குளிர்காலம் முடியிறதுக்குள்ள தின்னு முடிச்சிடறது உத்தமம்.

இன்னொரு விஷயம் ஃப்ரீசர் பர்ன். பொட்டலத்தை பிரிச்சா கறி ஓரத்துல சாம்பலும் பழுப்புமா வறண்டு போய் தோல் மாதிரி திட்டு தெரியும் பாருங்க, அதுதான். பேருதான் தீஞ்ச மாதிரி இருக்கு, அங்க நடந்திருக்கிறது ஈரம் போனது: ஐஸ் தண்ணியாகாமலே நேரா ஆவியாகி போயிடும், கறி அந்த இடத்துல வெயில் படாமலே உப்புக்கண்டம் ஆயிருக்கும். ஆபத்து எதுவும் இல்ல, அந்த திட்டை மட்டும் வெட்டி எறிஞ்சிட்டு மிச்சத்தை சமைக்கலாம், பொட்டலம் பூரா அப்படி இருந்தா ருசிக்கு ஒண்ணும் மிஞ்சாது. கலர் மாறுனதுக்கெல்லாம் பயப்படாதீங்க, மான் கறி இயல்பாவே கருஞ்சிவப்பு, வேக்யூம் பேக்ல காத்து இல்லாததால ஊதா மாதிரி தெரியும், ஃப்ரீசர்ல நாளாக ஆக பழுப்பாகும், இது எதுவுமே கெட்டுப்போனதுக்கு அடையாளம் இல்ல.

ஃப்ரீசர் பர்னை தடுக்க வழி காத்து படாம சுத்துறதுதான். வேக்யூம் சீலர் வச்சிருக்கறவங்க முழுத்துண்டை ரெண்டு வருஷம் மூணு வருஷம்னு நல்ல ருசியோட வச்சு சாப்பிடுறாங்க. மெஷின் இல்லன்னா முதல்ல ப்ளாஸ்டிக் ராப்பை கறி மேல ஒட்டுற மாதிரி இறுக்கி சுத்தி, அதுக்கு மேல ஃப்ரீசர் பேப்பரை பளபளப்பு பக்கம் உள்ள இருக்குற மாதிரி சுத்தி டேப் போடுங்க, என்ன கறி எந்த பாகம் எந்த மாசம்னு எழுதுங்க. ரொட்டி வர்ற மெல்லிசு கவர்ல போட்டு முடிச்சு போட்டு வைக்கிறது சுத்த வேஸ்ட். அப்புறம் ஃப்ரீசரும் எல்லாம் ஒண்ணு இல்ல. ஃப்ரிட்ஜுக்கு மேல இருக்குறது பெரும்பாலும் ஃப்ராஸ்ட் ஃப்ரீ, ஐஸ் கட்டாம இருக்க அது அப்பப்போ தானா லேசா சூடாகி மறுபடி குளிரும், இந்த ஏத்த இறக்கம்தான் ஈரத்தை உறிஞ்சுறது. கராஜ்ல வைக்கிற சாதா செஸ்ட் ஃப்ரீசர்ல ஐஸை நாமதான் சுரண்டணும், ஆனா கறி அதுலதான் ஜாஸ்தி நாள் நல்லா இருக்கும். அம்பது அறுபது டாலர் கறிக்கு செஸ்ட் ஃப்ரீசர் வாங்கணுமான்னா வேணாம், முழு மானே கெடைக்கிற ஆளுன்னா யோசிங்க.

உறையிற வேகமும் ருசியை மாத்தும். மெதுவா உறைஞ்சா பெரிய பெரிய ஐஸ் ஊசியா உருவாகி கறியோட செல்லை குத்திக் கிழிச்சிடும், இளகுறப்போ சிவப்பு தண்ணியா சாறு பூரா தட்டுல ஓடிடும், கறி சக்கையா வரும். வேகமா உறைஞ்சா ஐஸ் பொடிசா இருக்கும், சாறு உள்ளயே நிக்கும். இதை உலகத்துக்கு வியாபாரமா காட்டினவர் க்ளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ, 1910கள்ல கனடாவோட லாப்ரடார்ல இருந்தப்போ இன்யூட் மக்கள் பிடிச்ச மீன் அந்த குளிர்ல வெளிய எடுத்த உடனே உறைஞ்சு போறதையும், மாசக்கணக்கு கழிச்சு சாப்பிட்டாலும் புதுசா இருக்குறதையும் பாத்துட்டு வந்து அமெரிக்கால கம்பெனி ஆரம்பிச்சாரு, இன்னைக்கு கடைல விக்கிற ஃப்ரோசன் பட்டாணியில அவர் பேரு இருக்கு. நம்ம வீட்டுக்கு இதுலேந்து கெடைக்கிற பாடம், ஒரே நேரத்துல முப்பது பவுண்டு கறியை சின்ன ஃப்ரீசர்ல திணிக்காதீங்க, ஒரு கன அடி இடத்துக்கு ஒரு நாளைக்கு ரெண்டு மூணு பவுண்டுதான் போடலாம். பொட்டலத்தை தட்டையா போடுங்க, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்காம பரப்பி வைங்க, உறைஞ்சப்புறம் அடுக்கிக்கலாம்.

இப்போ நான் மேல சொன்ன ரெண்டாவது கோஷ்டி. ஃப்ரீசர்ல இவ்ளோ நாள் இருந்துச்சே எல்லா கிருமியும் செத்திருக்கும்னு நினைக்கிறவங்க. கறி பத்திரமா இல்லையாங்கறது பெரும்பாலும் ஃப்ரீசருக்குள்ள போறதுக்கு முன்னாடியே முடிவாயிடுது. குண்டு வயித்துல பட்டு குடல் கிழிஞ்சுச்சா, சுட்ட மானை உடனே கண்டுபிடிச்சாங்களா இல்ல ராத்திரி பூரா கெடந்துச்சா, அன்னைக்கு வெயில் அடிச்சுச்சா, எவ்ளோ சீக்கிரம் குடல் எடுத்து ஆற வச்சாங்க, இதெல்லாம்தான் கணக்கு. நவம்பர் குளிர்ல பெரும்பாலும் பிரச்சனை வராது, செப்டம்பர்ல வில் சீசன்ல அடிச்சதுன்னா கொஞ்சம் விசாரிங்க. குடுக்குறவர் தப்பா எடுத்துக்க மாட்டாரு, வேட்டைக்காரங்களுக்கு இந்தக் கதையை சொல்றதுல அவ்ளோ இஷ்டம், கேட்டீங்கன்னா ஒரு மணி நேரம் போகும்.

அடுத்தது ஒட்டுண்ணி. ட்ரைக்கினெல்லான்னு ஒரு புழு, தசைக்குள்ள கண்ணுக்கு தெரியாம சுருண்டு கெடக்கும், கறியை அரைவேக்காடா தின்னா நமக்கு வரும். பன்னிக்கறியில இருக்குற ரகத்தை சில வாரம் ஃப்ரீஸ் பண்ணா கொன்னுடலாம், ஆறு இஞ்ச்சுக்கு குறைவான துண்டை 5 ஃபாரன்ஹீட்ல 20 நாள் வச்சா போதும். இதை எங்கயோ படிச்சிட்டு கரடிக்கறிக்கும் இதே கணக்குன்னு நினைக்கிறவங்க இருக்காங்க. கரடி மாதிரி குளிர் தேச விலங்குல இருக்குற ரகம் குளிருக்கு அசையாது. 2022ல சவுத் டகோட்டால ஒரு குடும்பம் ஒண்ணு கூடி, கனடாவோட சஸ்காச்சுவான்ல வேட்டையாடின கருங்கரடி கறியை கபாப் போட்டாங்க, அது வீட்டு ஃப்ரீசர்ல 45 நாள் இருந்த கறி. கறியே கருப்பா இருந்ததால வெந்துச்சா வேகலையான்னு தெரியாம பரிமாறிட்டாங்க. 6 பேருக்கு வந்துச்சு, அதுல 2 பேரு கறியே தொடல, அதோட சேத்து சுட்ட காய்கறியை மட்டும்தான் சாப்பிட்டாங்க. நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி 2024ல இதை ரிப்போர்ட்டா போட்டாங்க, மூணு மாசத்துக்கு மேல ஃப்ரீசர்ல இருந்த மிச்சக் கறில கூட புழு உயிரோட நெளிஞ்சிட்டு இருந்துச்சாம்.

இதுக்கு மருந்து அடுப்புதான். கரடி, காட்டுப்பன்னின்னா உள்ள 165 ஃபாரன்ஹீட், அதாவது 74 செல்சியஸ், மான் கொத்துக்கறிக்கு 160. தெர்மாமீட்டர் குத்திப் பாருங்க, கலரை நம்பாதீங்க. நல்ல வேளை நம்ம சமையல்ல அரைவேக்காடுங்கற பேச்சே இல்ல, குக்கர்ல அஞ்சு விசில் விட்டா எந்தப் புழுவும் பொழைக்காது. ஆனா இங்க பொறந்த பசங்க ஸ்டேக்கை உள்ள சிவப்பா கேப்பாங்க, அங்கதான் கவனிக்கணும். வீட்ல மாசமா இருக்குறவங்க இருந்தா நல்லா வேகாத மான் கறி வேணவே வேணாம், டாக்ஸோபிளாஸ்மான்னு இன்னொரு ஒட்டுண்ணி குழந்தையை பாதிக்கும்.

குளிரும் ஒண்ணும் பண்ணாது அடுப்பும் ஒண்ணும் பண்ணாதுங்கற சாமான் ரெண்டு இருக்கு. ஒண்ணு சி.டபிள்யூ.டிங்கற மான் நோய், 1967ல கொலராடோல முதல்ல பாத்தது, விஸ்கான்சின்ல 2002ல கண்டுபிடிச்சாங்க. மூளையை சாப்பிட்டு மானை எலும்பும் தோலுமா ஆக்கிடும், காரணம் ப்ரையான்னு ஒரு கோணல் புரோட்டீன், அதுக்கு உயிரே கெடையாதுங்கறதால சாகடிக்கவும் வழி இல்ல. மனுஷனுக்கு வந்ததா இதுவரைக்கும் உறுதி ஆகல, இருந்தாலும் டெஸ்ட்ல பாசிட்டிவ் வந்த மானை சாப்பிடாதீங்கன்னு சி.டி.சி சொல்லுது. விஸ்கான்சின்ல டி.என்.ஆர், அதாவது மாநில இயற்கை வளத்துறை, இந்த டெஸ்டை இலவசமா பண்ணித் தருது. அதனால பொட்டலம் குடுக்குறவர்கிட்ட டெஸ்ட் ரிசல்ட் வந்துச்சான்னு ஒரு வார்த்தை கேளுங்க, வரலன்னா வர்ற வரைக்கும் ஃப்ரீசர்ல தூங்கட்டும், இதுக்கு ஃப்ரீசர் நல்லா உதவும். இன்னொண்ணு ஈயம். ஈயக் குண்டு எலும்புல பட்டு பொடியா சிதறி காயத்துலேந்து தூரத்துல இருக்குற கறில கூட போய் உக்காந்துக்கும், அரைச்சா மொத்தத்துலயும் கலந்துடும். 2008ல நார்த் டகோட்டால தானமா குடுத்த மான் கொத்துக்கறில ஈயத்துணுக்கு இருக்குறது தெரிஞ்சு அதையெல்லாம் தூக்கிப் போடச் சொன்னாங்க. சின்னப் பசங்க இருக்குற வீடுன்னா தாமிரக் குண்டா வில்லுல அடிச்சதான்னு கேட்டுக்கலாம், இல்லன்னா கொத்துக்கறியை விட்டுட்டு முழுத்துண்டா வாங்கிக்கங்க.

வெளிய எடுக்குறதுலயும் ஒரு முறை இருக்கு. சிங்க்ல போட்டு ஆபீஸ் போயிட்டு வர்றது ரொம்ப பேரோட பழக்கம், உள்ள ஐஸா இருக்குறப்பவே வெளிப்பக்கம் ரூம் சூட்டுக்கு வந்து தூங்குன கிருமி எல்லாம் எந்திரிச்சிடும். முதல் நாளே ஃப்ரிட்ஜ்ல கீழ்த்தட்டுல ஒரு பாத்திரத்துல வச்சிடுங்க, அஞ்சு பவுண்டுக்கு ஒரு நாள் ஆகும். அவசரம்னா கவரோட பச்சைத்தண்ணில முக்கி அரை மணிக்கு ஒரு தடவை தண்ணி மாத்துங்க, இளகினதும் உடனே சமைச்சிடணும். ஃப்ரிட்ஜ்ல இளகினதை மனசு மாறி திரும்ப ஃப்ரீசர்ல வைக்கலாம், பத்திரம்தான், சாறு இன்னொரு தடவை ஓடும். கரண்ட் போச்சுன்னா கதவை திறக்காம இருந்தா நிறைஞ்ச ஃப்ரீசர் 48 மணி நேரம் தாங்கும், பாதி காலின்னா 24. கரண்ட் வந்தப்புறம் கறில இன்னும் ஐஸ் ஒட்டிட்டு இருந்தாலோ 40 ஃபாரன்ஹீட்டுக்கு கீழ இருந்தாலோ மறுபடி உறைய வச்சிக்கலாம்.

அப்போ ரெண்டு வருஷம் ஆன அந்த பொட்டலம்? இளக வச்சு பிரிங்க. பிசுபிசுன்னு கொழகொழப்பா இருந்தாலோ புளிச்ச, அழுகின வாடை அடிச்சாலோ எங்கயோ நடுவுல இளகியிருக்கு, தூக்கிப் போட்டுடுங்க, சமைச்சுப் பாப்போம்னு நிக்காதீங்க. அப்படி இல்லன்னா வறண்ட திட்டையும் கொழுப்பையும் சீவிட்டு, ஒரு சின்னத் துண்டை எண்ணெய் விடாம தோசைக்கல்லுல சுட்டு மோந்து பாருங்க. பழைய எண்ணெய் மாதிரி சிக்கு வாடை வந்தா எவ்ளோ மிளகு போட்டாலும் போகாது, அதோட விட்டுடுங்க. வாடை இல்லன்னா ஸ்டேக் ஆசையை மட்டும் விட்டுட்டு, இஞ்சி பூண்டு கொஞ்சம் தாராளமா போட்டு குக்கர்ல வேக வச்சு, நல்லெண்ணெய் ஊத்தி சுக்காவா பொரட்டி எடுங்க, கொழுப்பே இல்லாத கறிங்கறதால எண்ணெய் கொஞ்சம் கூடவே கேக்கும்.